மாசியில் எடுக்க வேண்டிய முடிவு

ஆயுத பூஜை அன்று ஃபிரிட்ஜின் கதவில் சந்தனம் தடவிக் குங்குமம் வைக்கிறோம். மிக்ஸி, கிரைண்டர், தையல் இயந்திரம், வாசலில் நிற்கும் வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. அந்த ஒரு நாளாவது கருவிகளைத் துடைத்து வைக்கும் வழக்கத்தை நம் முன்னோர் விட்டுச் சென்றிருக்கிறார்கள். அதே ஃபிரிட்ஜை ஓர் அடி முன்னால் இழுத்துப் பின்பக்கத்தைப் பார்க்கும் வீடுகள் குறைவு. அங்கே கம்ப்ரஸர் அருகில் நூலாம்படையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருக்கும். வெப்பத்தை வெளியே தள்ள வேண்டிய இடம் மூடிக் கிடப்பதால் மோட்டார் கூடுதல் நேரம் ஓடுகிறது. ஒரு நாள் நின்றுபோகிறது. நின்ற அன்றுதான் “ரிப்பேர் செய்வதா, புதுசு வாங்கிவிடுவதா” என்ற கேள்வி வீட்டுக்குள் வருகிறது.

அந்தக் கேள்வி வரும் நாளே தவறானது என்பது என் எண்ணம். பால் திரிந்துகொண்டிருக்கிறது, மாவு புளித்துப் பொங்குகிறது, குழந்தை வியர்வையில் அழுகிறது, மெக்கானிக் நாளை மறுநாள்தான் வருவேன் என்கிறார். அப்போது யாராலும் கணக்குப் போட முடியாது. கடைக்காரர் தவணைத் திட்டத்தோடு தயாராக இருக்கிறார். பருவம் தோறும் வீட்டைப் பராமரிக்கிறவர்களுக்கு இந்த நெருக்கடி குறைவு. அவர்கள் துடைக்கும்போதே எது தேய்ந்திருக்கிறது, எது இன்னும் நான்கு வருடம் தாங்கும், எது அடுத்த கோடையைத் தாண்டாது என்று பார்த்துவிடுகிறார்கள். பராமரிப்பையும் பழுதா மாற்றா என்ற முடிவையும் நாம் இரண்டு தனி விஷயங்களாகப் பேசிவருகிறோம். உண்மையில் முதலாவது, இரண்டாவதற்கான பரிசோதனை.

தமிழ்நாட்டு வீட்டுக்கு மேலைநாட்டு நான்கு பருவங்கள் இல்லை. வெயில், ஆடிக் காற்று, வடகிழக்குப் பருவமழை, பனி கலந்த மார்கழி, தை என்பதுதான் நம் ஆண்டு. இவற்றில் வீட்டைச் சோதிப்பவை இரண்டு. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் அக்னி நட்சத்திரம் ஒன்று. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும் பருவமழை மற்றொன்று. முதலாவது மோட்டாரையும் கம்ப்ரஸரையும் சோதிக்கிறது. இரண்டாவது கூரையையும் வயரிங்கையும். ஆகவே வேலைகளும் இரண்டு கட்டமாக வருகின்றன: மாசி, பங்குனியில் ஒன்று, ஆவணி, புரட்டாசியில் ஒன்று.

ஏசியிலிருந்து தொடங்குகிறேன். ரிப்பேரா புதுசா என்ற கேள்வி அதிகப் பணத்தோடு எழுவது அங்கேதான். மே மாதத்தில் மெக்கானிக் ஒரே நாளில் பல வீடுகளுக்கு ஓடுகிறார். வந்ததும் மூடியைக் கழற்றித் தண்ணீர் பீய்ச்சிவிட்டு, “கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்” என்கிறார். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பணத்தைக் கொடுத்துவருகிறவர்கள் ஏராளம். ஏசியில் உள்ள குளிர்வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயுவை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை. சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று வெளி யூனிட்டின் காயிலை அரித்துவிடுகிறது. அங்கே கசிவு சீக்கிரமே வரும். வெளி யூனிட்டை நல்ல தண்ணீரில் அவ்வப்போது கழுவிவிடுவது அந்த வீடுகளுக்குப் பெரிய பாதுகாப்பு.

மாசியில் கூப்பிட்டால் அதே மெக்கானிக்குக்கு நேரம் இருக்கிறது. அவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்கலாம். ஏசி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிடலாம். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று பாருங்கள். சுமார் 8 முதல் 12 டிகிரி இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. பிறகு வடிகால் குழாயை ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சுவரில் தண்ணீர் வழிவதற்குப் பெரும்பாலும் அந்தக் குழாயில் படிந்த பாசிதான் காரணம். இந்த எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைத்தால், மூன்றாவது வருடம் உங்கள் ஏசியின் உடல்நிலை உங்களுக்கே தெரியும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவதற்கு மெக்கானிக் வேண்டாம். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டில் யாரும் செய்யலாம்.

வெளி யூனிட் ஓசை மட்டும் எழுப்பி ஓடாமல் நின்றால் உடனே கம்ப்ரஸர் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பல சமயம் பழுதாவது மின்தேக்கி. கடைகளில் கேட்கும்போது கண்டென்சர், கெபாசிட்டர் என்றுதான் சொல்ல வேண்டும். சில நூறு ரூபாய்ப் பொருள் அது. கம்ப்ரஸரே போனால் கணக்கு வேறு. “கம்ப்ரஸருக்குப் பத்து வருடம் வாரன்டி” என்ற வாசகத்தை நம்பி இருக்கிறோம். பல வாரன்டிகளில் அந்த உறுப்பு மட்டும் இலவசம். வாயு, கூலி, போக்குவரத்து, கூடவே மாற்ற வேண்டிய சின்னச் சின்னப் பாகங்கள் நம் தலையில். வாங்கும்போதே அந்த அட்டையைப் படித்துவைக்க வேண்டும்.

பழைய ஏசியில் எந்த வாயு இருக்கிறது என்பதும் முடிவை மாற்றும். ஆர்-22 என்று தகட்டில் எழுதியிருந்தால் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஓசோன் படலத்தை அரிக்கும் அந்த வாயுவைப் புதிய கருவிகள் செய்வதில் பயன்படுத்துவது 2024 டிசம்பர் 31-ஓடு இந்தியாவில் நின்றுவிட்டது. இனிப் பழுதுபார்க்க மட்டுமே கிடைக்கும், அதுவும் வரவரக் குறையும். அத்தகைய ஏசியில் வாயு கசிந்து காயிலும் அரித்திருந்தால் அதற்கு மேல் பணம் போடக் கூடாது. இப்போது பரவலாக வரும் ஆர்-32 ஓசோனுக்குக் கேடில்லாதது. ஆனால் லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. புதிய வீட்டு ஃபிரிட்ஜுகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ நன்றாகவே எரியும் வாயு. குழாயை நெருப்பு வைத்துப் பற்றவைக்கும் வேலைக்கு இந்த வாயுக்களைக் கையாளத் தெரிந்தவர்தான் வர வேண்டும். கூலி குறைவு என்பதற்காகத் தெரியாதவரிடம் கொடுக்கக் கூடாத வேலை இது.

இனிக் கணக்குக்கு வருவோம். எல்லோரும் சொல்லும் விதி ஒன்று உண்டு: ரிப்பேர் செலவு புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு. சொல்லவும் நினைவில் வைக்கவும் சுலபம். ஆனால் அது கருவியின் வயதைப் பார்ப்பதில்லை. ரிப்பேருக்குப் பிறகு எத்தனை வருடம் ஓடும் என்றும் கேட்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டு. பதினோரு வயது ஃபிரிட்ஜுக்குக் கம்ப்ரஸர் மாற்ற 9,000 ரூபாய் கேட்கிறார்கள். புதுசு 26,000. பாதி விதிப்படி ரிப்பேர் செய்யலாம். ஆனால் அந்த வயதில் கதவு, காயில், தெர்மோஸ்டாட் எல்லாம் களைத்திருக்கும். இன்னும் நான்கு வருடம் தாங்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 2,250 ரூபாய். புதியதைவிட வருடத்துக்கு 200 யூனிட் அதிகம் இழுத்தால், யூனிட் 5 ரூபாய் வீதம் இன்னும் 1,000. ஆக 3,250. புதுசு பன்னிரண்டு வருடம் ஓடினால் வருடத்துக்கு 2,170 தான். இங்கே மாற்றுவதுதான் சரி. அதே ஃபிரிட்ஜுக்குக் கதவு ரப்பரும் தெர்மோஸ்டாட்டும் மாற்ற 1,500 ரூபாய் ஆகிறது என்றால், வருடத்துக்கு 375-உம் மின்சாரத்துக்கு 1,000-உம் சேர்த்து 1,375. யோசிக்காமல் ரிப்பேர் செய்யலாம்.

மறுபக்கமும் பாருங்கள். 5,000 ரூபாய் மிக்ஸிக்கு மோட்டார் காயில் கட்ட 2,600 கேட்கிறார்கள். பாதியைத் தாண்டிவிட்டது, தூக்கிப் போடு என்கிறது விதி. நன்றாகக் கட்டிய காயில் ஆறு வருடம் ஓடினால் வருடத்துக்கு 433 ரூபாய். புதியது ஒன்பது வருடம் ஓடினாலும் வருடத்துக்கு 555. மிக்ஸி ஒரு நாளில் சில நிமிடம் ஓடும் பொருள் என்பதால் மின்சாரச் சேமிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ரிப்பேர்தான் லாபம். இந்த எண்களை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளலாம், முறை மாறாது: செலவை மிச்சமிருக்கும் வருடங்களால் வகுக்க வேண்டும்.

“பழசு கரண்டு தின்னும், மாத்திடுங்க” என்பது விற்பனையாளரின் முதல் வாதம். ஆற்றல் திறன் செயலகம் 2006-இல் கொண்டுவந்த நட்சத்திர லேபிள் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு கருவி தந்திருக்கிறது. நட்சத்திரத்தைவிட அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் எண்ணே முக்கியம், ஏனெனில் அளவுகோல் அவ்வப்போது இறுக்கப்படுகிறது. 2022 ஜூலையில் ஏசிகளுக்கு அப்படி இறுக்கியபோது நேற்றைய ஐந்து நட்சத்திரம் நான்காகிவிட்டது. ஏசி லேபிளில் உள்ள எண் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில் போட்டது. பழையதில் 1,150, புதியதில் 800 என்று இருந்தால் வித்தியாசம் 350. நீங்கள் கோடையின் நான்கு மாதம், இரவில் எட்டு மணி நேரம் மட்டும் போடுகிறீர்கள் என்றால் மொத்தம் 960 மணி. மிச்சமாவது 210 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தாலும் 1,890 ரூபாய். 40,000 ரூபாய் ஏசியை அந்தச் சேமிப்பில் ஈட்ட இருபது வருடத்துக்கு மேல் ஆகும். நன்றாக ஓடும் ஏசியை மின்கட்டணத்துக்காக மட்டும் தூக்கி எறிவது அந்த வீட்டுக்கு நஷ்டம். பகலும் இரவுமாக ஆண்டுக்கு 3,000 மணி ஓடும் கிளினிக்கிலோ கடையிலோ அதே மாற்றம் ஏழு வருடத்துக்குள் முதலைத் திருப்பித் தந்துவிடும். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது செயலகம். 2020 முதல் நட்சத்திர லேபிள் உள்ள ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி வந்ததும் அதனால்தான். 18-இல் வைத்துப் போர்வை போர்த்தித் தூங்குகிறவருக்குப் புதிய ஏசியைவிட ரிமோட்டே பெரிய சேமிப்பு.

மின்விசிறியில் மட்டும் என் தீர்ப்பு தலைகீழ். பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் உள்ள புதிய வகை விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். 45 வாட் வித்தியாசம். ஒரு நாளில் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 40 யூனிட். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கிடப்படுவதால், இந்த இரண்டு மாதக் கணக்கு தமிழ்நாட்டு வீடுகளுக்கு மிக முக்கியம். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு விலை ஏறுவதோடு 101 முதல் 200 வரைக்கான குறைந்த கட்டணமும் போய்விடும். கோடையில் 550-இல் நிற்கும் வீட்டில் இரண்டு விசிறிகளை மாற்றினால் ஏறத்தாழ 80 யூனிட் குறைந்து 500-க்குள் வந்துவிடும். அந்த வீட்டுக்கு மாற்றம் சீக்கிரமே பலன் தரும். மாறாக, ஒரே விசிறியும் இரண்டு விளக்குகளுமாக 90 யூனிட்டில் வாழும் மூதாட்டிக்குப் புதிய விசிறியால் ஒரு பைசாவும் மிச்சமில்லை. அவருடைய விசிறி மெதுவாகச் சுற்றினால் கண்டென்சரை மாற்றினால் போதும். சத்தம் போட்டால் பேரிங். இரண்டும் தெருமுனைக் கடையில் முடிகிற வேலை. ஒரே பொருளுக்கு இரண்டு வீட்டில் இரண்டு விடை. ‘எது சிறந்தது’ என்று பொதுவாகச் சொல்லும் எந்தப் பட்டியலையும் நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

ஃபிரிட்ஜுக்கு ஒரு சின்னச் சோதனை. கதவிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து மாவும் பாலும் ஒட்டிய அழுக்கை எடுத்தாலே பல ரப்பர்கள் மறுபடி பிடிக்கும். பிடிக்காவிட்டால் ரப்பரை மட்டும் மாற்றலாம்.

கிரைண்டரைப் பற்றிப் பேசாமல் தமிழ் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. 1950-களில் கோயம்புத்தூரில் பிறந்து, பின்னர் புவிசார் குறியீடும் பெற்ற கருவி அது. கல், டிரம், பெல்ட், மோட்டார், பேரிங் என்று உள்ளே இருப்பவை எண்ணிவிடக் கூடியவை. ஒவ்வொன்றும் தனியே கழன்று தனியே கிடைக்கும். மாவு அரைய நேரம் எடுத்தால் பெல்ட் தொய்ந்திருக்கும், அல்லது கல் மழுங்கியிருக்கும். “அம்மி கொத்தறது, ஆட்டுக்கல் கொத்தறது” என்று தெருவில் குரல் கொடுத்து வந்தவர்கள் செய்தது இதைத்தான்: மழுங்கிய கல்லுக்குச் சொரசொரப்பைத் திருப்பித் தருவது. ஈயம் பூசுகிறவர், சாணை பிடிக்கிறவர், குடை ரிப்பேர்க்காரர் என்று ஒரு நீண்ட மரபு நம் தெருக்களில் நடந்தது. பொருள் தேயும் என்பதையும், தேய்ந்ததைச் சரிசெய்ய ஆள் வீட்டு வாசலுக்கே வருவார் என்பதையும் அந்தத் தலைமுறை இயல்பாக எடுத்துக்கொண்டது. என் அம்மாவின் கிரைண்டருக்கு மோட்டார் ஒரு முறையும் பெல்ட் பல முறையும் மாறியிருக்கின்றன. கல் அதேதான்.

2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கிடைத்தன. அந்தக் குடும்பங்களில் பலவற்றுக்கு அவை வீட்டுக்குள் வந்த முதல் இயந்திரங்கள். பழுதானால் புதுசு வாங்கக் கையில் பணம் இருக்காது. ரிப்பேர் ஒன்றே வழி. கிராமத்துச் சந்தையில் கப்ளரும் கார்பன் பிரஷும் ஜார் பிளேடும் கிடைப்பது எத்தனை பெண்களின் காலை நேரத்தைக் காப்பாற்றுகிறது என்பதை நகரத்தில் இருந்து பேசுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

புரட்டாசிக்கு வருகிறேன். மொட்டை மாடி விரிசலைக் கோடையில் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். அப்போது விட்டுவிட்டு ஐப்பசியில் கூரை ஒழுகத் தொடங்கியதும் ஆளைத் தேடுகிறோம். நீர்க்காப்புப் பூச்சு காய்ந்த தளத்தில்தான் பிடிக்கும். ஈரத்தின் மேல் அடித்த பூச்சு அடுத்த வெயிலில் தோல் உரிவது போல எழுந்துவிடும். பழைய வீடுகளில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்த்துச் சுருக்கி போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். தளத்தின் சரிவு நீரைத் தானே வெளியே அனுப்பியது. இப்போது நாம் மாடியில் தொட்டியும் டிஷ் ஆன்டெனாவும் வைக்கத் துளையிடுகிறோம். அந்தத் துளைகளில்தான் கசிவு தொடங்குகிறது. கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய் ஆகிய இரண்டு இடங்களையும் ஆவணியிலேயே பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதற்காகத் தோண்டிய குழியில் உள்ள மணலும் ஜல்லியும் சேறு அடைத்துக் கிடந்தால் குழி இருந்தும் பயனில்லை. மழைக்கு முன் அதையும் கிளறிக் கழுவ வேண்டும். உட்கூரையில் காரை பெயர்ந்து கம்பி துருவோடு தெரிந்தால் மேலே வெறுமனே பூசி மறைக்காதீர்கள். துருவைச் சுரண்டி எடுத்து, கம்பிக்குக் காப்புப் பூச்சு கொடுத்த பிறகே பூச வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே துரு தொடர்ந்து வீங்கி அடுத்த துண்டைத் தள்ளும். மழையில் உப்பி இறுகிய மரக்கதவை உடனே இழைக்கவும் வேண்டாம். தையில் மரம் வற்றியதும் சந்து விழும்.

மின்சாரத்தில் மட்டும் பணக் கணக்கு எதுவும் கிடையாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மின்கசிவால் யாரோ இறந்த செய்தியைப் படிக்கிறோம். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அதில் ‘டி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்தினால் சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் ஒட்டிய வெறும் பிளாஸ்டிக். வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாகச் சுரீரென்கிறது என்று சொல்லிக்கொண்டே அதில் துவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த நிமிடமே பிளக்கைப் பிடுங்கி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் வயர் அறுந்திருக்கலாம், ஹீட்டர் கசியலாம், அடியில் எலி கடித்திருக்கலாம். கீஸரிலும் பாதுகாப்புதான் முதலில். உப்பு மிகுந்த போர் தண்ணீர் ஊர்களில் உள்ளே இருக்கும் மக்னீசியத் தண்டு கரைந்து தீர்ந்ததும் தொட்டி அரிக்கத் தொடங்கும். தண்டையும் ஹீட்டரையும் மாற்றலாம். தொட்டியே ஒழுகினால் ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது, மாற்ற வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஆயிரமாயிரம் வீடுகள் ரிப்பேரா புதுசா என்ற கேள்வியை ஒரே நாளில் சந்தித்தன. தண்ணீர் வடிந்ததும் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சுவிட்சைப் போட்டதில் தப்பியிருக்க வேண்டிய கருவிகளும் எரிந்தன. நனைந்த கருவிக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, நாட்கணக்கில் காயவைத்து, மெக்கானிக் மெக்கர் என்ற கருவியால் மின்காப்பை அளந்த பிறகுதான் சுவிட்ச். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டிருப்பதால் பல சமயம் தப்பிக்கும். ரிலேயும் எலக்ட்ரானிக் போர்டும் போகும். வாஷிங் மெஷின் மோட்டாரைக் காயவைத்தோ காயில் கட்டியோ மீட்கலாம். சாக்கடை நீரில் மூழ்கிய மைக்ரோவேவை மீட்கப் பார்க்க வேண்டாம். அதனுள் உயர் அழுத்த மின்தேக்கி உண்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ரிப்பேர் செய்ய விரும்புகிறவருக்கும் வழி குறுகிக்கொண்டே வருகிறது. முன்பு வாஷிங் மெஷினில் டைமர் போனால் டைமரை மாற்றினார்கள். இப்போது எல்லாம் ஒரே போர்டில். அதில் சில ரூபாய் பெறுமான ரிலே ஒன்று கருகினாலும் போர்டு முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள், விலை பல ஆயிரம். எங்கள் வீட்டு இயந்திரத்துக்கு ஒரு சேவை மையம் அப்படித்தான் சொன்னது. பிறகு “அந்த மாடல் போர்டு வருவதில்லை” என்றது. சென்னை ரிச்சி தெருவில் பூதக்கண்ணாடியும் சால்டரிங் கம்பியுமாக உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் அரை மணி நேரத்தில் அந்த ரிலேயை மாற்றித் தந்தார். இப்படிப்பட்ட கைகள் நம் ஊரில் இருக்கின்றன. அவர்களுக்குக் கிடைக்காதவை சர்க்யூட் வரைபடமும் உதிரிபாகமும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் விற்கும் வாஷிங் மெஷின்களுக்குப் பத்து வருடமும் ஃபிரிட்ஜின் முக்கியப் பாகங்களுக்கு ஏழு வருடமும் உதிரிபாகம் கிடைக்கச் செய்வது சட்டம். பிரான்ஸ் அதே ஆண்டு ஜனவரியில், எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுப் பொருளின் விலையோடு காட்டும்படி செய்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் திறந்தது. 2024-இல் இங்கும் அப்படியொரு மதிப்பெண் முறைக்காகக் குழு அமைத்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் அந்தப் பேச்சு செல்போனில் தொடங்கி அங்கேயே நின்றுவிடக் கூடாது. நட்சத்திர லேபிளுக்குப் பக்கத்தில் ‘உதிரிபாகம் இத்தனை வருடம் கிடைக்கும்’ என்று ஒரே ஒரு வரி அச்சிட வைத்தால் போதும், வாங்கும்போதே நாம் சரியாகத் தேர்ந்தெடுப்போம். அதுவரை கடையில் நாமே கேட்க வேண்டும்: இந்த மாடலின் போர்டு தனியே என்ன விலை, எங்கள் ஊரில் யார் பார்ப்பார்கள்? ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் இதைக் கேட்க முடியாது. ஆகவே வாங்குவது என்று முடிவெடுத்தவர்களும் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே போய் விசாரிப்பது நல்லது.

மாற்றிய பிறகு பழசு எங்கே போகிறது? பெரும்பாலும் காயலாங்கடைக்கு. இரும்பு, செம்பு, அலுமினியம் என்று பிரித்து மறுபடி உலைக்கு அனுப்பும் அந்தக் கடைகளின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரை வெட்டி எடுக்கும்போது குழாயில் உள்ள வாயு காற்றில் கலந்துவிடுகிறது. பழைய ஃபிரிட்ஜுகள் பலவற்றில் உள்ள ஆர்-134ஏ, எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்களையே இதற்குப் பொறுப்பாக்குகின்றன. அந்தப் பொறுப்பு தெருமுனை வரை வந்து சேரவில்லை. போகியை ஒட்டிப் பழைய துணி, டயர், பிளாஸ்டிக் ஆகியவற்றைக் கொளுத்தாமல் தரும்படி கேட்டுச் சென்னை மாநகராட்சி வண்டி அனுப்புகிறது. அந்த வண்டியோடு குளிர்வாயுவை உறிஞ்சி உருளையில் அடைக்கும் இயந்திரம் ஒன்றையும், அதை இயக்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அனுப்ப முடியும். பழைய ஃபிரிட்ஜும் ஏசியும் வாசலுக்கு வரட்டும். வாயுவை எடுத்துக்கொண்டு, இரும்பையும் செம்பையும் காயலாங்கடைக்காரருக்கே கொடுத்துவிடலாம். அவருடைய பிழைப்பும் கெடாது. வார்டுக்கு ஒரு நாள் போதும், இந்த மார்கழியிலேயே தொடங்கலாம்.